புற்றுநோயும் உடற்பயிற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புற்றுநோயாளிகளுக்குப் பிசியோதெரபி கொடுப்பது என் வேலை. வார்டுக்குள் நுழைந்து "அம்மா, கொஞ்சம் எழுந்து நடக்கலாமா?" என்று கேட்டால், நோயாளி பதில் சொல்வதற்குள் கட்டிலைச் சுற்றி நிற்பவர்கள் சொல்லிவிடுவார்கள்: "வேண்டாம் தம்பி, ரொம்ப அசதியா இருக்காங்க." அன்பினால் வருகிற வார்த்தை அது. ஆனால் அந்த அன்பு ஒரு மனிதரை எவ்வளவு சீக்கிரம் படுக்கையோடு கட்டிப்போடுகிறது என்பதைத் தினமும் பார்க்கிறேன். அந்தக் கட்டிலருகே என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. உங்கள் உடம்பின் நிலவரம் உங்கள் டாக்டருக்குத்தான் தெரியும் என்பதால், எதைத் தொடங்குவதாக இருந்தாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கீமோ ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் முழு ஓய்வுதானே நல்லது?

இல்லை. ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் சொன்னார்கள். இப்போது சொல்வதில்லை. குணப்படுத்தும் நோக்கத்தோடு சிகிச்சை எடுப்பவர்களுக்கு, சிகிச்சை நடக்கும்போதே உடற்பயிற்சியைப் பரிந்துரைக்க வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கம் 2022-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 2018-லேயே அதைச் சொல்லிவிட்டார்கள்.

படுத்தே கிடந்தால் முதலில் கரைவது தொடைத் தசை. பத்து நாள் படுக்கையில் இருந்துவிட்டு எழுந்தவரைக் கேட்டுப் பாருங்கள், "கால் என்னுதே இல்லாத மாதிரி இருக்கு" என்பார். மருந்து ஒரு பக்கம் உடம்பை வாட்டுகிறது, படுக்கை இன்னொரு பக்கம் வாட்டுகிறது. மருந்தை நிறுத்த முடியாது. படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியும்.

அசதி தாங்க முடியவில்லை. அசந்து கிடப்பவரை நடக்கச் சொல்வது கொடுமை இல்லையா?

எனக்கும் ஆரம்பத்தில் மனம் ஒப்பவில்லை. ஆனால் வயலில் வேலை பார்த்துவிட்டு வரும் களைப்பு வேறு, புற்றுநோய் அசதி வேறு. அந்தக் களைப்பு தூங்கி எழுந்தால் போய்விடும். இது பத்து மணி நேரம் தூங்கினாலும் போகாது. சும்மா இருக்க இருக்க இன்னும் கூடும்.

2017-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 113 ஆராய்ச்சிகளில் கலந்துகொண்ட 11,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. இந்த அசதியைக் குறைப்பதில் உடற்பயிற்சியும் மனநல ஆலோசனையும் மாத்திரைகளைவிட நன்றாக வேலை செய்தன. அதனால் அசதிக்கு டானிக் எழுதித் தரச் சொல்லிக் கேட்பவர்களிடம், முதலில் பத்து நிமிடம் நடந்துவிட்டு வரச் சொல்கிறேன்.

ஒன்றைக் கவனியுங்கள். ரத்தச்சோகை, தைராய்டு குறைபாடு, சாப்பாடு இறங்காதது, தூக்கமின்மை, மனச்சோர்வு என்று அசதிக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். அவற்றைப் பார்க்காமல் நடையை மட்டும் கூட்டுவது சரியல்ல.

சரி, எவ்வளவு செய்ய வேண்டும்?

2019-இல் பல நாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரை இது: வாரத்துக்கு 3 நாள், நாளுக்கு 30 நிமிடம், மிதமான வேகத்தில் நடை போன்ற பயிற்சி. அதோடு வாரத்துக்கு 2 நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. அசதி, பதற்றம், மனச்சோர்வு, அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் எல்லாவற்றுக்கும் இந்த அளவு பலன் தருகிறது.

மிதமான வேகத்தை அளக்கக் கருவி எதுவும் தேவையில்லை. நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் அளவு.

முதல் நாளே 30 நிமிடம் போகாதீர்கள். வீட்டுக்குள் 5 நிமிடம், அப்புறம் மாலையில் 5 நிமிடம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ ஏறுபவர்களுக்கு, மருந்து ஏறிய இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை பெரும்பாலும் மோசமாக இருக்கும். அந்த நாட்களில் கட்டிலிலிருந்து வாசல் வரை நாலு தடவை போய்வந்தால் போதும். மூன்றாவது வாரத்தில் உடம்பு கொஞ்சம் தெளியும், அப்போது கூட்டிக்கொள்ளலாம். இப்படி ஏறி இறங்கிப் போவதுதான் இயல்பு. போன வாரம் 20 நிமிடம் நடந்தோமே, இந்த வாரம் முடியவில்லையே என்று கலங்க வேண்டாம்.

வலுவூட்டுவதற்கு நான் முதலில் கற்றுத்தருவது நாற்காலிப் பயிற்சி. நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு எழுந்து நில்லுங்கள், மெதுவாக உட்காருங்கள். 'தொப்' என்று விழக் கூடாது, உட்காரும்போது மெதுவாக இறங்குவதில்தான் தொடைக்கு வேலை. முதலில் 5 தடவை. கைக்கு அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும்.

நம் ஊர் வெயிலில் காலை 7 மணிக்குள் முடித்துவிடுங்கள். மொட்டை மாடி தோதான இடம்தான், ஆனால் படியேறத் தெம்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டு வேலை எல்லாம் நான்தான் செய்கிறேன். அது போதாதா?

இதைக் கேட்பவர்கள் அநேகமாகப் பெண்கள். கீமோ முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாளே அடுப்படியில் நிற்பவர்கள். வீட்டு வேலையும் அசைவுதான், மறுக்கவில்லை. ஆனால் பாத்திரம் கழுவுவதும் காய் நறுக்குவதும் நெஞ்சுத் துடிப்பைக் கூட்டுவதில்லை, நின்று நின்று முதுகுதான் வலிக்கிறது. அதில் கொஞ்சத்தை வீட்டில் வேறு யாராவது எடுத்துக்கொண்டு, மிச்சமாகும் அரை மணி நேரத்தை அவருடைய நடைக்குக் கொடுங்கள். இதை நான் கணவர்மார்களை உட்கார வைத்துத்தான் சொல்வது.

எந்த நாட்களில் செய்யக் கூடாது?

காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பயிற்சி கிடையாது. கீமோ எடுப்பவருக்கு அது ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய காய்ச்சல், காலை வரை காத்திருக்காதீர்கள். நெஞ்சு வலி, படபடப்பு, தலைசுற்றல், புதிதாக மூச்சு வாங்குதல், ஒரு காலில் மட்டும் திடீர் வீக்கம், நிற்காத வாந்தி, பேதி இருந்தாலும் வேண்டாம்.

ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் கேளுங்கள். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் 50,000-க்குக் கீழே இருந்தால் எடை தூக்குவதிலும் கீழே விழ வாய்ப்புள்ள பயிற்சிகளிலும் கவனம் வேண்டும். 20,000-க்கும் கீழே போய்விட்டால் வீட்டுக்குள் மெல்ல நடப்பதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வதுதான் பொதுவான வழக்கம். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் கூட்டமான ஜிம்மும் நீச்சல் குளமும் வேண்டாம்.

சில கீமோ மருந்துகளால் பாதம் மரத்துப் போகும். அப்படிப்பட்டவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது, புல்தரையில்கூட. முள் குத்தினாலும் தெரியாது. பின்பக்கம் பட்டி வைத்த செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

மார்பக ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையை அசைக்கலாமா? எடை தூக்கினால் கை வீங்கும் என்கிறார்களே?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஆபரேஷன் ஆனதும் பல பெண்கள் அந்தக் கையை மடக்கி வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொள்வார்கள். வலி ஒரு காரணம், பயம் பெரிய காரணம். மூன்று மாதம் கழித்து வரும்போது தோள் இறுகியிருக்கும். தலை பின்ன முடியாது, ரவிக்கை மாட்ட முடியாது, கொடியில் துணி போட முடியாது. கதிர்வீச்சுக்குக் கையை மேலே தூக்கி வைத்துப் படுக்க வேண்டும், அதுவும் முடியாமல் போகும்.

முதல் வாரம் விரல், மணிக்கட்டு, முழங்கை அசைவுகள், தோள் உயரம் வரை மெதுவாகத் தூக்குதல். ஆபரேஷன் செய்த இடத்தில் நீர் வடிய வைத்த டியூபை எடுத்த பிறகு, சர்ஜன் சரி என்றதும், சுவர் ஏறும் பயிற்சி. சுவரைப் பார்த்து நின்று விரல்களால் சிலந்தி போல மேலே ஏறுங்கள். எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு அம்மாவின் வீட்டுச் சுவரில் அப்படிப் பதினேழு கோடுகள் இருந்தன. அந்த வருஷப் பொங்கலுக்கு வெள்ளையடித்தபோதுகூட அந்த இடத்தை மட்டும் விடச் சொல்லிவிட்டார். பிரிட்டனில் 392 பெண்களிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், ஆபரேஷன் முடிந்து 7 முதல் 10 நாட்களுக்குள் பிசியோதெரபிஸ்ட் துணையோடு பயிற்சி தொடங்கியவர்களின் கை, ஒரு வருடம் கழித்து நன்றாக இயங்கியது.

இனி எடை. "அந்தக் கையால் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்காதே" என்றுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் எத்தனையோ பேரிடம் அப்படியே சொல்லியிருக்கிறேன். அது தவறு. அமெரிக்காவில், ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களிடம் ஓர் ஆய்வு நடத்தி 2009-இல் வெளியிட்டார்கள். ஒரு பாதிப் பேருக்கு மிகக் குறைந்த எடையில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டி எடைப்பயிற்சி கொடுத்தார்கள். ஒரு வருட முடிவில் வீக்கம் மோசமானவர்கள் பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 14 பேர், செய்யாதவர்களில் 29 பேர். பயந்ததற்கு நேர்மாறாக வந்தது.

ஆனால் 'சிறிது சிறிதாக' என்பதை அழுத்திப் படியுங்கள். ஆறு மாதம் எதையும் தொடாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றுவது வேறு விஷயம். வீக்கம் இருப்பவர்கள் பயிற்சியின்போது கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறை போட்டுக்கொள்ள வேண்டும். கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் கிருமித் தொற்று. பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே டாக்டரைப் பாருங்கள்.

வாய்ப் புற்றுநோய்க்குக் 'கரண்ட்' (கதிர்வீச்சு) வைக்கிறார்கள். அதற்கும் பயிற்சி உண்டா?

உண்டு. இதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை என்பதுதான் என் ஆதங்கம். புகையிலையும் பாக்கும் நம்மிடம் வாய்ப் புற்றை அதிகமாக்கியிருக்கின்றன, ஆனால் வாய்க்குப் பயிற்சி வேண்டும் என்று தெரிந்தவர்கள் குறைவு.

கதிர்வீச்சு பட்ட தாடைத் தசை மெல்ல மெல்ல நார் போல இறுகும். இறுக்கம் சிகிச்சையோடு முடிவதில்லை, மாதக்கணக்கில் தொடரும். உங்கள் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் பரவாயில்லை. இரண்டு விரல்தான் போகிறது என்றால் ஏற்கெனவே இறுக ஆரம்பித்துவிட்டது. ஒரு விரல் அளவுக்கு வந்துவிட்டால் இட்லியைக்கூடக் கரைத்துத்தான் குடிக்க வேண்டும், பல் டாக்டரால் உள்ளே பார்க்கவும் முடியாது.

கடையில் கிடைக்கும் ஐஸ் குச்சிகள்தான் கருவி. சுத்தமான குச்சிகளை அடுக்கி, பற்களுக்கு நடுவே வைத்து அரை நிமிடம் பிடியுங்கள். இறுக்கம் தளர்ந்ததும் நடுவில் இன்னொரு குச்சியைச் செருகுங்கள். ஒரு நாளில் பல தடவை. பல் ஆடுகிறது, தாடை எலும்பில் பிரச்சினை என்றால் கேட்காமல் செய்யாதீர்கள். கதிர்வீச்சு தொடங்கும் முன்பே ஆரம்பித்து, முடிந்த பிறகும் நீண்ட காலம் விடாமல் செய்ய வேண்டும். கழுத்தில் ஆபரேஷன் ஆனவர்களுக்குத் தோளும் தொங்கிப்போகும், அதற்கும் பயிற்சி உண்டு, கேட்டு வாங்குங்கள்.

உடற்பயிற்சி செய்தால் புற்றுநோய் திரும்பி வராதா?

"வரவே வராது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் 2025 ஜூனில் ஒரு பெரிய செய்தி வந்தது. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேர். பெரும்பாலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 2009-இல் தொடங்கிய ஆய்வு. ஒரு குழுவுக்கு உடல்நலக் கையேடு மட்டும் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்குக் கையேட்டோடு 3 வருடம் கூடவே இருந்து ஊக்கப்படுத்தும் பயிற்சியாளரும். ஐந்து வருட முடிவில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 80.3 சதவீதம், கையேட்டுக் குழுவில் 73.9 சதவீதம். எட்டு வருட முடிவில் உயிரோடு இருந்தவர்கள் 90.3 சதவீதம், 83.2 சதவீதம். ஒரு மருந்து இதைச் செய்திருந்தால் அதன் விலை லட்சங்களில் இருந்திருக்கும்.

அவர்கள் கூடுதலாகச் செய்தது என்ன? ஏறக்குறைய வாரத்துக்கு 3 அல்லது 4 தடவை, 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை வேக நடை. அவ்வளவுதான். தசை வலி, மூட்டு வலி பயிற்சிக் குழுவில் கொஞ்சம் கூடுதலாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த முடிவு பெருங்குடல் புற்றுநோய்க்கு, கீமோ முடித்தவர்களுக்கு. இதை அப்படியே எல்லாப் புற்றுநோய்க்கும் நீட்ட முடியாது. கீமோவுக்குப் பதிலாக நடை என்றும் யாரும் சொல்லவில்லை. அவர்கள் எல்லோரும் சிகிச்சையை முடித்துவிட்டுத்தான் நடந்தார்கள்.

இன்னொன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. கையேடு இரண்டு குழுவுக்கும் கிடைத்தது. வித்தியாசத்தை உண்டாக்கியது கூடவே வந்த ஆள். நம் ஆஸ்பத்திரிகளில் டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரியில் "நடைப்பயிற்சி செய்யவும்" என்று எழுதிக் கையில் கொடுப்பதோடு முடிந்துவிடுகிறது. அந்த வரி போதாது. அரசாங்க மருத்துவமனையோ தனியாரோ, புற்றுநோய்ப் பிரிவில் இதற்கென்று ஒருவர் இருக்க வேண்டும்.

உடற்பயிற்சி புற்றுநோய்க்கு எதிராக எப்படி வேலை செய்கிறது?

முழு விடை இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. இன்சுலின் அளவும் உடம்புக்குள் கனன்றுகொண்டிருக்கும் அழற்சியும் குறைவது ஒரு விளக்கம். டென்மார்க்கில் நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், சக்கரத்தில் ஓடவிட்ட எலிகளுக்குக் கட்டிகள் பாதிக்கும் மேல் குறைந்தன. ஓடும்போது சுரந்த அட்ரினலின் என்ற ஹார்மோன், நோயை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளை அணுக்களைக் கட்டிக்குள் அனுப்பியது. எலியில் கண்டது எலிக்கு, அந்த அளவில் வைத்துக்கொள்வோம்.

எலும்புக்குப் பரவிவிட்டது. அசைந்தால் உடைந்துவிடாதா?

எந்த எலும்பு, எவ்வளவு பலவீனம் என்று ஸ்கேனைப் பார்த்துவிட்டுத்தான் சொல்ல முடியும். குதிப்பது, இடுப்பைத் திருகுவது, குனிந்து கனம் தூக்குவது வேண்டாம். பாதிக்கப்பட்ட எலும்பில் பாரம் ஏறாதபடி பயிற்சியை மாற்றி அமைக்கலாம். தொடை எலும்பு பாதிக்கப்பட்டவருக்கு உட்கார்ந்தபடி கைப்பயிற்சி, இப்படி.

பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 357 பேருக்கு ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 9 மாதம் மேற்பார்வையோடு பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள், முடிவு 2024-இல் வந்தது. அசதி குறைந்தது, வாழ்க்கைத் தரம் கூடியது.

புதிதாகக் கடும் முதுகு வலி, கால் பலமிழப்பு, சிறுநீர் மலம் கட்டுப்பாடு போவது, இவற்றில் ஒன்று வந்தாலும் அவசரம். தண்டுவடம் நசுங்கும் அறிகுறி அது. சில மணி நேரத் தாமதம்கூட நடையைப் பறித்துவிடும்.

யோகா மட்டும் செய்தால் போதுமா?

மூச்சுப் பயிற்சியும் மென்மையான ஆசனங்களும் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் நல்லவை. பிடித்தவர்கள் செய்யுங்கள். தொடைக்கும் நெஞ்சுக்கும் வேலை கொடுக்க நடையும் நாற்காலிப் பயிற்சியும் கூடவே வேண்டும். எலும்பில் பரவியவர்கள் முன்னால் வளையும், உடம்பை முறுக்கும் ஆசனங்களைத் தவிர்க்கவும்.

உடம்பு இளைத்துக்கொண்டே போகிறது. பயிற்சி செய்தால் இன்னும் இளைக்காதா?

சாப்பாடு இறங்காமல் இருக்கும்போது நீண்ட நடை வேண்டாம். பதிலாக, குறைந்த நேரத் தசைப்பயிற்சி. தசைக்கு வேலையும் வேண்டும், புரதமும் வேண்டும். ஒன்றில்லாமல் மற்றது பயன்படாது. முட்டை, மீன், தயிர், சுண்டல், பருப்பு, எது இறங்குகிறதோ அது. கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை.

"இனி செய்ய ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டு போங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். இனிமேல் எதற்குப் பயிற்சி?

நோயைக் குறைப்பதற்கான சிகிச்சை முடிந்திருக்கலாம். வலியைக் குறைக்க, மூச்சுத் திணறலைக் குறைக்க, அந்த மனிதர் விரும்பியதைச் செய்யவைக்க இன்னும் நிறைய இருக்கிறது. நோய்த்தணிப்புச் சிகிச்சை என்பது அதுதான். கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய முயற்சி, பக்கத்து வீட்டுக்காரர்களும் தன்னார்வலர்களும் வீடு தேடிப் போய்ப் பார்த்துக்கொள்ளும் அளவுக்குக் கேரளம் முழுக்க வளர்ந்திருக்கிறது.

நார்வேயில், நோய் முற்றிய 231 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. வாரம் 2 தடவை, 8 வாரம். அசதி குறையவில்லை. ஆனால் நடக்கும் தூரமும் கைப்பிடி வலுவும் பயிற்சி செய்தவர்களிடம் மேலாக இருந்தன. கைப்பிடி வலு என்றால் டம்ளரைத் தானே பிடித்துக் குடிப்பது.

நுரையீரல் புற்று முற்றிய ஒரு பெரியவரிடம், "ஐயா, உங்களுக்கு என்ன செய்ய முடிந்தால் நல்லாயிருக்கும்?" என்று கேட்டேன். "பாத்ரூமுக்கு நானே போகணும், மருமகளைக் கூப்பிடக் கூடாது" என்றார். கட்டிலிலிருந்து பாத்ரூம் பதினான்கு அடி. வலி மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்துத் தொடங்கினோம். முதல் இரண்டு நாள் கட்டில் ஓரத்தில் கால் தொங்கப்போட்டு உட்காருவது மட்டும். அப்புறம் கட்டில் சட்டத்தைப் பிடித்து நிற்பது. ஆறாம் நாள், பாதி வழியில் கைவைத்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைச் சுவரோடு போட்டோம். ஏழு அடி நடந்து அதில் உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து முழங்கையைத் தொடையில் ஊன்றி, சின்ன ஃபேன் காற்று முகத்தில் படும்படி வைத்து மூச்சைச் சமாளித்து, மிச்ச ஏழு அடி. பதினொரு நாள் அப்படிப் போய்வந்தார். அதன் பிறகு முடியவில்லை. அந்தப் பதினொரு நாளை அவர் மகன் இன்றும் என்னிடம் சொல்வார்.

எப்போது நிறுத்த வேண்டும்?

அவர் "போதும்" என்றால் நிறுத்துங்கள். பெரும்பாலான நேரம் தூக்கத்திலேயே இருக்கிறார், உட்கார வைத்தாலே துவண்டுவிடுகிறார் என்றால் கட்டாயப்படுத்தக் கூடாது. "கொஞ்சம் முயற்சி பண்ணுப்பா" என்று பிள்ளைகள் கெஞ்சுவதைப் பார்த்திருக்கிறேன், அவர் முயற்சி செய்யாததால் வந்த நிலை அல்ல இது என்று அவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டும்.

அந்த நாட்களில் வேலை நம்முடையது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அவருக்கு வலிக்காதபடி பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். முழங்கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை, குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்குக் கீழே மடித்த துண்டு. காலையில் முகம் துடைக்கும்போது விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நீட்டுங்கள், மணிக்கட்டை மெல்லச் சுழற்றுங்கள், பாதத்தைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். முகம் சுளித்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் சூடுபறக்கத் தேய்த்துக்கொண்டு செய்தால் கை தடையில்லாமல் நகரும், தோலும் உராயாது.